தப்பாகப் படித்த அட்டைகள்: கற்றுக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவர் எழுதியது:

“அட்டையைத் தப்பாகப் படித்ததால் தோற்றேன் என்று புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமே வருவதில்லை. எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினால் போதும், தப்பு நடக்காது. இதிலிருந்து ‘கற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதெல்லாம் தோல்விக்கு வெள்ளையடிக்கிற வேலை. அப்படி என்னதான் கற்றீர்கள்?”

4 பிப்ரவரி 2023

படித்துப் பார்த்தால் போதுமாம். மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை ஆட்டத்தை ஆடுகிறவர்கள் நடுவில் இது பழைய கிண்டல். புதிதாக வந்தவன் ஓர் அட்டையைக் காட்டி “இது என்ன செய்யும்?” என்று கேட்டால், “அட்டையைப் படி, அட்டையே சொல்லும்” என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். நானும் அப்படித் திரும்பிக்கொண்டவன்தான். பிறகு மூக்குடைபட்டவனும் நான்தான்.

ஒப்லிவியன் ரிங். 2007இல் லோர்வின் தொகுப்பில் வந்த வெள்ளை அட்டை, ஆட விலை மூன்று மானா (அட்டை ஆடச் செலவிடும் சக்தி). களத்துக்கு வந்ததும், லேண்ட் (மானா தரும் நில அட்டை) அல்லாத வேறோர் அட்டையைக் களத்திலிருந்து நாடுகடத்தும், அதாவது ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்கும். ரிங் களத்தை விட்டுப் போனால் நாடுகடத்தப்பட்டது திரும்பி வரும். அவ்வளவுதான். என் அட்டைக் கட்டில் நான்கு பிரதிகள், இரண்டு வருடமாக.

அன்று என் பக்கம் செர்ரா ஏஞ்சல் ஒன்று, பறக்கும் கிரீச்சர் (சண்டை போடும் அட்டை), 4/4: பலம் 4, தடுப்பு 4. எதிரில் கல்லூரிப் பையன் ஒருவன். அவன் களத்தில் லேண்டுகள் போக ஒரே ஒரு கிரீச்சர். அதைத் தூக்கிவிட்டால் ஆட்டம் என் கையில். ரிங்கை ஆடினேன். அது இன்னும் ஸ்டாக்கில்தான் (ஆடிய அட்டை நடப்புக்கு வரக் காத்திருக்கும் வரிசை) இருக்கிறது, களத்துக்கு வந்து சேரவில்லை. அதற்குள் அவன் தன் கிரீச்சரைத் தானே பலிகொடுத்துவிட்டான். அந்தத் திறன் அதற்கு இருந்தது. பலிகொடுத்தால் எனக்கு வேலை மிச்சம் என்று ரிங்கைக் களத்தில் வைத்தேன்.

“எதை எடுக்கிறீர்கள்?” என்றான்.

“எடுக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.”

“உங்கள் ஏஞ்சல் இருக்கிறதே, அண்ணா.”

அட்டையை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். ‘நாடுகடத்தலாம்’ என்று இல்லை. ‘நாடுகடத்து’ என்றுதான் இருந்தது. ‘எதிராளியின்’ என்ற சொல்லும் இல்லை. ‘வேறோர்’ என்றால் ரிங்கைத் தவிர வேறு எதுவும். அந்த நொடியில் களத்தில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. அதை என் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்தேன்.

ஆக, கேட்டவருக்கு என் பதில்: இல்லாத ஒரு ‘லாம்’ விகுதியை இரண்டு வருடம் படித்துக்கொண்டிருந்தேன் என்று கற்றேன்.

4 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. இரண்டு வருடம் நான் எங்கே படித்தேன்? கட்டில் சேர்த்த அன்று ஒருமுறை படித்தேன், அதுவும் பாதி. அதற்குப் பிறகு ஓவியத்தைத்தான் பார்த்தேன். ஓவியம் கண்ணில் பட்டதும் மனம் தன்னிடமிருந்த வாசகத்தை எடுத்து ஒப்பித்தது. மனப்பாடம் தப்பாக இருந்தால் எத்தனை முறை ஒப்பித்தாலும் தப்புத்தான். வாய்ப்பாட்டை அப்படிப் படித்தவர்களுக்குத் தெரியும்.

7 பிப்ரவரி

அந்த ‘லாம்’ எங்கிருந்து வந்தது என்று மூன்று நாளாக யோசித்தேன். இன்று கிடைத்தது.

நான் ஆடப் பழகிய முதல் கட்டில் ஃபீண்ட் ஹன்ட்டர் என்ற அட்டை இருந்தது. 2011 இன்னிஸ்ட்ராட் தொகுப்பு. அதுவும் களத்துக்கு வரும்போது வேறொரு கிரீச்சரை நாடுகடத்தும். அது போனால் இது திரும்பும். ஆனால் அதில் ‘நாடுகடத்தலாம்’ என்றே இருக்கிறது, விருப்பம் நம்முடையது. பிறகு ரிங் கைக்கு வந்தபோது, “ஓ, கிரீச்சர் மட்டுமல்லாமல் எல்லாவற்றையும் எடுக்கும் ஹன்ட்டர்” என்று ஒரு வரியில் முடிச்சுப் போட்டு மனதுக்குள் வைத்துவிட்டேன். வித்தியாசத்தை ஒன்று என்று எண்ணினேன். இரண்டு இருந்தது.

என் சந்தேகம் இதுதான். எந்த அட்டையையும் வெறும் அட்டையாக நாம் படிப்பதில்லை. முன்பே தெரிந்த இன்னோர் அட்டையின் நிழல் அதன்மேல் விழுகிறது; நிழல் விழாத இடத்தை மட்டும் படிக்கிறோம். எனவே தப்பாகப் படித்தது தெரிந்தால், எந்தச் சொல்லை விட்டேன் என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. எந்த அட்டையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன் என்று பார்க்க வேண்டும். அந்தப் பழைய அட்டையைக் கண்டுபிடித்தால், அதே நிழலில் கிடக்கும் வேறு அட்டைகளும் வரிசையாக மாட்டும். எனக்கு இன்று மாலைக்குள் இரண்டு மாட்டின. வெட்கம் கருதி அவற்றின் பெயரைச் சொல்லவில்லை.

11 பிப்ரவரி

இது நம்மோடு தொடங்கியதும் இல்லை. 1993இல் மேஜிக்கின் முதல் தொகுப்பான ஆல்ஃபா 295 அட்டைகளோடு வெளிவருவதற்கு முன்பே, சோதித்து ஆடியவர்களிடம் இந்த வியாதி வந்துவிட்டது. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே இதை எழுதியிருக்கிறார். சோதனை ஆட்டக்காரர் ஒருவர் வந்து, அடுத்த முறையே, அதாவது அடுத்த டர்னிலேயே, தன்னை ஜெயிக்க வைக்கும் அட்டை ஒன்று தன் கட்டில் இருக்கிறது என்றாராம். அப்படி ஓர் அட்டையை நான் உருவாக்கவே இல்லையே என்று இவர் திகைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தால், ‘ஆப்போனன்ட் லூசஸ் நெக்ஸ்ட் டர்ன்’ என்று எழுதியிருக்கிறது. இவர் நினைத்தது, எதிராளிக்கு ஒரு முறை போய்விடும், அவ்வளவுதான். அவர் படித்தது, எதிராளியே போய்விடுவார்.

பிற்பாடு டைம் வாக் என்று அச்சானபோது, ‘இந்த முறைக்குப் பின் இன்னொரு முறை எடுத்துக்கொள்’ என்ற பொருளில் வாசகம் மாறியிருந்தது.

சோதித்தவர் சோம்பேறி இல்லை. படித்துத்தான் பார்த்தார், நான்கு சொல்லையும் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை.

தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் பிறந்தே இருக்காது என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. ‘எதிராளி அடுத்த முறையை இழக்கிறார்’ என்போம். அல்லது ‘அடுத்த முறையில் தோற்கிறார்’ என்போம். ‘ஐ’ உருபுக்கும் ‘இல்’ உருபுக்கும் நடுவே ஓர் ஆட்டமே கிடக்கிறது. வேற்றுமை உருபைத் தேர்வுக்காக உருப்போட்ட காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நான்கு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

12 பிப்ரவரி

பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. கீழே 25ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள். (பின்னால் சேர்த்த வரி இது. தேதி பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

15 பிப்ரவரி

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தாலும் தோற்க முடியும் என்பதற்கு டார்மோகாய்ஃப் சாட்சி.

2007 ஃபியூச்சர் சைட் தொகுப்பு. பச்சைக் கிரீச்சர், இரண்டு மானா. அதன் பலம், எல்லா கிரேவ்யார்டுகளிலும் (செத்ததும் ஆடி முடிந்ததும் போய்ச் சேரும் குவியல்) கிடக்கும் அட்டை வகைகளின் எண்ணிக்கை. எத்தனை அட்டை என்பது கணக்கில்லை, எத்தனை வகை என்பதே கணக்கு. பத்து கிரீச்சர் செத்துக் கிடந்தாலும் வகை ஒன்றுதான். என் கிரேவ்யார்ட், உன் கிரேவ்யார்ட் என்ற பேதமும் இல்லை. அதில் அடைப்புக்குறிக்குள் வகைகளின் பட்டியல் ஒன்றும் அச்சாகியிருந்தது. அந்தப் பட்டியலில் பிளேன்ஸ்வாக்கர் என்ற வகையும் உண்டு. அந்த வகையில் ஓர் அட்டைகூட அதுவரை வெளிவந்திருக்கவில்லை! வரப்போகும் தொகுப்புக்கான சேதியை அட்டையிலேயே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை யார் படிக்கிறார்கள் என்ற தைரியமோ என்னவோ.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு கிரேவ்யார்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லேண்ட், ஒரு கிரீச்சர். இரண்டு வகை. எதிராளியின் டார்மோகாய்ஃப் 2/3. என் கையில் லைட்னிங் போல்ட்: எந்த இலக்குக்கும் 3 சேதம். மூன்றுக்கு மூன்று, செத்தது என்று அட்டையை வீசினேன். எதிராளி நகரவே இல்லை.

போல்ட் ஓர் இன்ஸ்டன்ட், ஒருமுறை வேலை செய்து முடிந்துபோகும் மந்திர வகை. அது 3 சேதம் செய்கிறது. வேலை முடிந்ததும் தானே கிரேவ்யார்டில் போய் விழுகிறது. அதற்குப் பிறகுதான் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று ஆட்டம் கணக்கெடுக்கும். அந்தக் கணக்கு நடக்கும்போது கிரேவ்யார்டில் லேண்ட், கிரீச்சர், இன்ஸ்டன்ட் என்று மூன்று வகை. டார்மோகாய்ஃப் 3/3 ஆகிவிட்டது. பிழைத்தது. நான் வீசிய கல்லையே தின்று கொழுத்தது.

இதில் எந்த அட்டையை நான் தப்பாகப் படித்தேன்? இரண்டையும் சரியாகத்தான் படித்தேன். தப்பாகப் படித்தது, இரண்டு அட்டைக்கும் நடுவில் இருந்த காலத்தை.

15 பிப்ரவரி, பத்து நிமிடம் கழித்து

3/4. 3/3 அல்ல. தடுப்பு எண், வகை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும். 3/3ஆக இருந்திருந்தால் 3 சேதத்தில் செத்திருக்கும், நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். தப்பாகப் படிப்பதைப் பற்றி எழுதும்போதே தப்பாக எழுதுகிறேன். திருத்தாமல் விடுகிறேன், இருக்கட்டும்.

18 பிப்ரவரி

வேறொரு கோட்பாடு. நாம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் தப்பாகப் படிக்கிறோம். ரிங்கில் ‘லாம்’ சேர்த்தேன், எனக்குச் சாதகம். போல்டில் கிரேவ்யார்டை மறந்தேன், எனக்குச் சாதகம். ஆசை கண்ணை மறைக்கிறது. பசித்தவன் பார்த்தால் நிலாவும் தோசைதான்.

19 பிப்ரவரி

நேற்றைய கோட்பாட்டை வாபஸ் வாங்குகிறேன். பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்கு எதிராகவே படித்ததும் அதில் ஏராளம்.

ஒன்று. எதிராளியிடம் கைஸ்ட் ஆஃப் செயின்ட் டிராஃப்ட். அதற்கு ஹெக்ஸ்ப்ரூஃப் உண்டு: எதிராளியின் மந்திரம் எதுவும் அதை இலக்காக்க முடியாது. நான் ராத் ஆஃப் காட் ஆடினேன், எல்லாக் கிரீச்சர்களையும் அழிப்பது. அவர் மற்றவற்றையெல்லாம் எடுத்து கிரேவ்யார்டில் வைத்துவிட்டு, கைஸ்டை மட்டும் களத்திலேயே விட்டார். “ஹெக்ஸ்ப்ரூஃப்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்த கைஸ்ட் அடித்து அடித்தே என்னைக் கொன்றது.

ராத் ஆஃப் காட் அட்டையில் இருப்பது இரண்டே வாக்கியம். எல்லாக் கிரீச்சர்களையும் அழி. அவற்றை உயிர்ப்பிக்க முடியாது. ‘இலக்கு’ என்ற சொல் எங்கே? இல்லை. இலக்கு என்ற சொல் இல்லாவிட்டால் ஹெக்ஸ்ப்ரூஃப் குடைக்கு அங்கே மழையே இல்லை. இருக்கிற சொல்லைத் தவறவிடுவது ஒரு ரகம். இல்லாத சொல் இல்லை என்று கவனிக்காமல் போவது இன்னொரு ரகம், இதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். இல்லாததன் மேல் விரல் வைத்துக் காட்ட முடியாதே!

அவர் ஏமாற்றினாரா? இல்லை. அவரும் அப்படித்தான் நம்பினார். உறுதியான குரலில் ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் அட்டையைப் படிப்பதை விட்டுவிட்டுக் குரலைப் படிக்கிறார்.

25 பிப்ரவரி

நோட்டில் இரண்டாவது, ஃபேக்ட் ஆர் ஃபிக்ஷன். 2000இல் இன்வேஷன் தொகுப்பில் வந்தது. உன் கட்டின் மேலிருந்து ஐந்து அட்டைகளைத் திறந்து காட்டு; எதிராளி அவற்றை இரண்டு குவியலாகப் பிரிப்பார்; ஒரு குவியலைக் கையிலும் மற்றதை கிரேவ்யார்டிலும் போடு.

யார் போடுவது? எந்தக் குவியல் கைக்கு என்று முடிவு செய்வது யார்?

நான் எதிராளி என்று படித்தேன். ஐந்தில் உருப்படாததை எனக்குத் தள்ளிவிட்டு நல்லதை கிரேவ்யார்டில் எறிவார், இந்த அட்டையை எந்த முட்டாள் ஆடுவான் என்று பெட்டியில் போட்டுவிட்டேன். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. பிறகு ஒருநாள் எதிராளி அதை என் மேல் ஆடினார். நான் ஐந்தையும் பிரித்தேன்: மிக நல்ல ஒன்றை ஒரு பக்கம், மற்ற நான்கை இன்னொரு பக்கம். பிரித்த கையோடு நான்கு இருந்த குவியலை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனேன். “நில்லுங்கள். தேர்வு என்னுடையது” என்றார். உட்கார்ந்த இடத்தில் எனக்கு இரண்டு அதிர்ச்சி. இது எவ்வளவு பலமான அட்டை என்பது ஒன்று. இத்தனை மாதம் அது என் பெட்டியில் தூங்கியது என்பது இன்னொன்று.

பிரித்தவர் எதிராளி, போடுகிறவர் நான். ‘போடு’ என்ற ஏவலுக்கு எழுவாய் ‘நீ’. அட்டையின் கடைசி வாக்கியத்தில் அந்த ‘நீ’ அச்சாகவில்லை. இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள், தோன்றா எழுவாய் என்று. தமிழில் படித்தவன் இந்தக் குழியில் விழவே கூடாது. நான் விழுந்தேன். முந்தைய வாக்கியத்தில் எதிராளி என்ற எழுவாய் கண்ணெதிரே நின்றதால், அதையே அடுத்த வாக்கியத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். 11ஆம் தேதி அடித்த வேற்றுமை உருபுப் பெருமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

நிழல் கோட்பாடு இங்கேயும் வேலை செய்கிறது. எனக்கு முதலில் தெரிந்தது கிஃப்ட்ஸ் அன்கிவன், 2004இல் சாம்பியன்ஸ் ஆஃப் கமிகாவாவில் வந்தது. அதில் நிஜமாகவே எதிராளிதான் தேர்ந்தெடுப்பார்: நீ கட்டில் தேடி, வெவ்வேறு பெயருள்ள அட்டைகளை எடுத்துக் காட்டுவாய், அவற்றில் இரண்டை அவர் தேர்வார், அந்த இரண்டும் கிரேவ்யார்டுக்கு, மிச்சம் உன் கைக்கு. அந்த நிழலில்தான் ஃபேக்ட் ஆர் ஃபிக்ஷனைப் படித்திருக்கிறேன்.

26 பிப்ரவரி

கிஃப்ட்ஸ் அன்கிவனையும் நான் தப்பாகவே படித்து வைத்திருந்தேன் என்று நேற்று எழுதும்போதுதான் உறைத்தது. இப்போதைய வாசகம் ‘நான்கு வரை’. நான்கு அல்ல, நான்கு வரை. நான் எப்போதும் நான்கு எடுத்தேன்.

இரண்டே இரண்டு எடுத்தால் என்ன ஆகும்? எதிராளி இரண்டைத் தேர வேண்டும். இருப்பதே இரண்டு. இரண்டும் கிரேவ்யார்டுக்குப் போகும். அவருக்குத் தேர்வே இல்லை. கிரேவ்யார்டிலிருந்து பெரிய கிரீச்சரை எழுப்பும் மந்திரம் ஒன்று, எழுப்ப வேண்டிய கிரீச்சர் ஒன்று. மந்திரம் கிரேவ்யார்டிலிருந்தே ஆடக்கூடியது என்றால் முடிந்தது கதை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஊரறிந்த தந்திரம். ஒரு காலத்தில் முழுக் கட்டே இதை நம்பிக் கட்டினார்கள். ‘வரை’ என்ற சொல்லை ஒழுங்காகப் படித்தவர்கள் கட்டினார்கள். நான் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்துகொண்டிருந்தேன்.

1 மார்ச்

சின்னக் குறிப்பு. பிதிங் நீடில் ஆடும்போது ஓர் அட்டையின் பெயரைச் சொல்ல வேண்டும்; அந்தப் பெயருள்ளதன் திறனை இயக்க முடியாமல் போகும், மானா தருவது மட்டும் விலக்கு. போர்போரிக்மோஸ் என்று ஓர் அட்டை, போர்போரிக்மோஸ் என்ரேஜ்ட் என்று வேறோர் அட்டை. லேண்டுகளை எறிந்து 3, 3 என்று சேதம் செய்து கொல்வது இரண்டாவது. அவசரத்தில் பாதிப் பெயரைச் சொன்னால் யாரும் ஆடாத முதலாவதைப் பூட்டிவிட்டு, உயிரோடிருக்கும் இரண்டாவதிடம் சாக வேண்டியதுதான். இந்த ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. இதுவரை.

8 மார்ச்

யு-கி-ஓ! என்ற இன்னோர் அட்டை ஆட்டத்தை ஆடும் நண்பன் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்தான். “உங்கள் ஆட்டத்தில் சொல்லில்தான் வம்பு. எங்களுக்குப் புள்ளியிலேயே வம்பு” என்றான்.

உண்மைதான். 2011இலிருந்து அவர்கள் அட்டை வாசகத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது, எப்போது இயக்கலாம் என்ற நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது, இயக்கும்போதே செய்துமுடிக்க வேண்டியது, விலை கொடுப்பது போல. அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது, பிற்பாடு நடக்கும் விளைவு. எதிராளி விளைவைத் தடுத்தாலும் கொடுத்த விலை திரும்பாது. ஒரு புள்ளியைக் கவனிக்காமல் படித்தால் விலையை விளைவென்று நினைத்து நம்பி உட்கார்ந்திருப்போம்.

அவனோடு நான்கைந்து ஆட்டம் ஆடினேன். ‘இந்த அட்டை கிரேவ்யார்டுக்குப் போகும்போது, நீ இதைச் செய்யலாம்’ என்று ஒன்று. அதைக் காணிக்கையாகக் கொடுத்துப் பெரிய மான்ஸ்டர் ஒன்றை அழைத்தேன். இப்போது அதன் திறன் என்றேன். “கிடையாது, நேரம் தவறிவிட்டது” என்றான். ‘போகும்போது, செய்யலாம்’ என்று இருந்தால், கடைசியாக நடந்த சம்பவம் அந்தப் போவதாகவே இருக்க வேண்டுமாம். கடைசியாக நடந்தது பெரிய மான்ஸ்டர் வந்தது. ‘போனால், செய்யலாம்’ என்று இருந்திருந்தால் கிடைத்திருக்கும். ‘போது’ என்பதற்கும் ‘ஆல்’ என்பதற்கும் இத்தனை தூரம்.

“இது அட்டையில் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டேன்.

“எங்குமே இல்லை” என்றான் சந்தோஷமாக.

மேஜிக்கிலும் முக்காற்புள்ளி உண்டு. அதற்கு இடப்பக்கம் விலை, வலப்பக்கம் விளைவு. இதை மட்டும் நான் ஒருநாளும் தப்பாகப் படித்ததில்லை. விலை என்றால் கண் தானாக நிற்கிறது போலும்.

19 மார்ச்

சரியாகப் படித்தும் தப்பாவது இன்னொரு வகை: அட்டையே பழசு.

ஆல்ஃபாவில் ஆர்கிஷ் ஓரிஃப்ளேம் இரண்டு மானா என்று அச்சானது. அச்சுப் பிழை, நான்கு இருந்திருக்க வேண்டும். இன்று அந்த ஆல்ஃபா பிரதியையே நீங்கள் ஆடினாலும் நான்கு மானா கொடுக்க வேண்டும். போகிமான் அட்டை ஆட்டத்தின் ரேர் கேண்டியும் அப்படி. பழைய பிரதியில் உள்ளதைப் படித்தால், இப்போதுதான் களத்துக்கு வந்த அடிப்படை போகிமானையும் அப்போதே வளர்த்துவிடலாம். 2011இல் மாறிய வாசகம் அதைத் தடுக்கிறது, பழைய பிரதிக்கும் சேர்த்து. கையில் இருப்பது அட்டை, செல்லுவது வேறெங்கோ இருக்கும் வாசகம்.

படித்துப் பார்த்தால் போதும் என்பவர் இதற்கு என்ன சொல்வார் என்று பார்க்கிறேன்.

20 மார்ச்

என்ன சொல்வார் என்று பார்க்க, அவர் என்னதான் சொன்னார் என்று மேலே போய்ப் பார்த்தேன்.

‘படித்துப் பார்த்தால் போதும்’ என்று அவர் எழுதவே இல்லை. ‘படித்துக் காட்டினால் போதும்’ என்று எழுதியிருக்கிறார்.

ஒன்றரை மாதமாக, அவர் சொல்லாத ஒன்றோடு சண்டை போட்டிருக்கிறேன். நிழல் எது என்று தேடவும் வேண்டியதில்லை: “அட்டையைப் படி, அட்டையே சொல்லும்” என்ற பழைய கிண்டல். ஐயா, மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வருகிறவர்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்?

2 ஏப்ரல்

காட்டிப் பார்த்தேன். இரண்டு வாரம், அட்டையைப் போடும்போதெல்லாம் எதிராளிக்குக் கேட்கும்படி கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. ஆட்டமும் இழுத்தது. பொறுமை இழந்த ஒருவர், “எனக்குத் தெரியும், விடுங்கள்” என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பது மூன்றாவது முறையிலேயே வெளியானது.

கண் தாண்டிக் குதிக்கும் சொல்லை நாக்கு தாண்டுவதில்லை. ‘வரை’, ‘வேறோர்’, ‘ஒவ்வொரு’ போன்ற சிறிய சொற்களை வாய் உச்சரித்தே ஆக வேண்டியிருக்கிறது. கேட்கிறவரின் புருவமும் உதவுகிறது. நான் அவசரமாக வாசிக்கும் இடத்தில் அவர் புருவம் ஏறினால் அங்கேதான் விஷயம். கைஸ்ட் ஆட்டத்தில் ராத் ஆஃப் காடை நான் வாய்விட்டு வாசித்திருந்தால், இலக்கு என்ற சொல் இல்லாதது இருவரில் ஒருவர் காதிலாவது விழுந்திருக்கும்.

டார்மோகாய்ஃபுக்கு இது உதவாது, ஓரிஃப்ளேமுக்கும் உதவாது. ஆகவே ‘தப்பே நடக்காது’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன்.

16 ஏப்ரல்

பழைய கல்லூரிப் பையனோடு மறுபடியும் ஓர் ஆட்டம். அதே ரிங் கட்டு.

அவனிடம் லேண்டுகள் மட்டும். ஆனால் அதில் ஒன்று மியூட்டாவால்ட், ஒரு மானா கொடுத்தால் அந்த முறைக்கு 2/2 கிரீச்சராக எழுந்து அடிக்கும். அப்போதும் அது லேண்ட்தான், ரிங்கால் தொட முடியாது. எனக்கு மிச்சம் 2 உயிர். அடுத்த அடியில் முடிந்தேன். என் களத்தில் ஒரே ஒரு ரிங்; அது முன்பே அவனுடைய டோக்கன் (அட்டைக்குப் பதில் களத்தில் வைக்கும் அடையாளக் காய்) ஒன்றை நாடுகடத்தியிருந்தது. டோக்கன் போனால் போனதுதான், திரும்பாது. கையில் இன்னும் இரண்டு ரிங், ஆறு லேண்ட்.

இரண்டாவது ரிங்கைப் போட்டேன். வாசித்தேன். இருக்கிற ஒரே இலக்கு முதல் ரிங். அது போனது. திரும்பி வர எதுவும் இல்லை.

மூன்றாவதைப் போட்டேன். வாசித்தேன். ஒரே இலக்கு இரண்டாவது. இரண்டாவது போனால் முதலாவது திரும்பும். முதலாவது வந்தால் அதற்கு ஒரே இலக்கு மூன்றாவது. மூன்றாவது போனால் இரண்டாவது திரும்பும். இரண்டாவது வந்தால் முதலாவதைத் தூக்கும், மூன்றாவது வரும். மூன்று வளையமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். யாரும் நிறுத்த முடியாமல் கட்டாயமாகச் சுற்றும் சுற்றுக்கு விதி ஒன்றே ஒன்று: ஆட்டம் டிரா.

அவன் கையை நீட்டி ஓர் அட்டையை வாங்கினான். மறுபக்கம் திருப்பி, மீண்டும் இந்தப் பக்கம் திருப்பி, உதடு அசைய இரண்டு தடவை படித்தான்.

“‘லாம்’ எங்குமே இல்லையே, அண்ணா” என்றான்.

“இல்லை” என்றேன்.